இரவு யாருக்குச் சொந்தம்?

நமது மொழியில் இருளுக்கு நல்ல பெயர் இல்லை. அறியாமையை இருள் என்கின்றோம். வறுமையை இருள் என்கின்றோம். அடிமைத்தனத்தையும் இருள் என்கின்றோம். மேதின மேடையில் முழங்குவோரும் பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் வாழ்த்துரை வழங்குவோரும் ஒருமித்து நிற்கும் இடம் ஒன்று உண்டெனில் அது இதுதான்: இருள் அகல வேண்டும், ஒளி பரவ வேண்டும். உவமை என்ற அளவில் அதை யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் உவமையை விட்டு உடலுக்கு வந்தால் கதை வேறு. உடலுக்கு ஒளி எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இருளும் வேண்டும் என்பதற்குக் கடந்த அறுபது ஆண்டுகளுக்கு மேலாக விஞ்ஞானம் சான்று சேர்த்து வந்திருக்கின்றது. சோற்றையும் நீரையும் போல இருளும் மனிதனின் தேவைகளுள் ஒன்றாயின், அதுவும் பங்கிடப்படும் பொருளாகிவிடுகின்றது. பங்கீடு என்றால் நீதியும் உண்டு, அநீதியும் உண்டு. யாருடைய இரவு யாரால் எடுக்கப்படுகின்றது என்று கேட்பதே எமது நோக்கம்.

இக்கேள்வியைப் பண்டத்தரிப்பிலிருந்து எழுப்புவதில் ஒரு பொருத்தம் உண்டு. 1820ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் ஜோன் ஸ்கடர் இவ்வூரிலேதான் தமது வைத்தியப் பணியை ஆரம்பித்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்திய சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைத்தேச வைத்தியத்தைத் தமிழ் இளைஞருக்குத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்று நூல்களையும் இரண வைத்திய நூல்களையும் தமிழிலே வெளியிட்டார். மதம் பரப்புதல் அவர்களது நோக்கமாயிருந்தது என்பதை நாம் மறந்துவிடவில்லை. எனினும் மனித உடலைப் பற்றிய அறிவு தமிழிலே சொல்லத்தக்கது, உழவன் மகனும் அதைக் கற்கத்தக்கவன் என்று காட்டிய இடங்களுள் இந்த வலிகாமத்து மண்ணும் ஒன்று. அந்தத் துணிவோடுதான் மூளைக்குள்ளே இருக்கும் ஒரு சிறு சுரப்பியைப் பற்றி இங்கே பேச முற்படுகின்றோம்.

மூளையின் நடுவே, இரு பாதிகளுக்கும் இடையில், ஏறக்குறைய ஒரு நெல்மணி அளவில் கூம்பு வடிவான சுரப்பி ஒன்று இருக்கின்றது. பீனியல் சுரப்பி என்பது அதன் பெயர். மூளையின் பெரும்பாலான உறுப்புகள் இரட்டையாய் அமைந்திருக்க, இது மட்டும் ஒற்றையாய் நிற்பதைக் கண்ட பதினேழாம் நூற்றாண்டுத் தத்துவஞானி டேக்கார்ட், ஆன்மா உறையும் இடம் இதுவே என்று கருதினார். நமது ஊர் வேலியிலே தலையாட்டிக்கொண்டிருக்கும் ஓணானை உற்றுப் பார்த்தால், அதன் உச்சந்தலையில் ஒரு சிறு புள்ளி தெரியும். அது உண்மையிலேயே ஒளியை உணரும் உறுப்பு, பீனியலின் உடன்பிறப்பு. நெற்றிக்கண் புராணத்திலே சிவனுக்கு உரியது. இயற்கையிலோ ஓணானுக்கு உரியது. மனிதனில் அந்தக் கண் மண்டையோட்டுக்குள் மறைந்து, பார்க்கும் தொழிலைக் கைவிட்டு, சுரக்கும் தொழிலை ஏற்றுக்கொண்டுவிட்டது.

அது சுரப்பது என்ன? 1917இல் மக்கோர்ட், அலன் என்னும் இருவர் மாட்டின் பீனியலைத் தவளைக் குஞ்சுகளுக்கு, அதாவது நாம் வாற்பேய் என்று சொல்லும் உயிர்களுக்கு, ஊட்டிப் பார்த்தார்கள். கறுத்திருந்த வாற்பேய்கள் சிறிது நேரத்திலே வெளிறிப் போயின. நாற்பது ஆண்டுகள் கழித்து, யேல் பல்கலைக்கழகத்துத் தோல் வைத்தியரான ஆரன் லேர்ணர் இந்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டார். தோல் நிறம் மாறும் நோய்களுக்கு மருந்து கிடைக்கலாம் என்பது அவரது நம்பிக்கை. இறைச்சிக்காக வெட்டப்பட்ட பல்லாயிரம் மாடுகளின் பீனியல் சுரப்பிகளைச் சேர்த்து, வடித்து, 1958இல் மிகச் சிறிய அளவு தூய பொருளொன்றைப் பிரித்தெடுத்தார். அதற்கு மெலற்றோனின் என்று பெயரிட்டார். தோல் நோய்க்கு அது மருந்தாகவில்லை. ஆயினும் தேடியது ஒன்று, கிடைத்தது அதனினும் பெரிது என்று சொல்லத்தக்க வரலாறு அது.

அதன் வேதியியலை விரித்தவர்களுள் முதன்மையானவர் யூலியஸ் அக்செல்றொட். போலந்திலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பத்தில், நியூயோர்க்கின் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பகுதியிலே பிறந்தவர். தந்தை கூடை பின்னும் தொழிலாளி. வைத்தியக் கல்லூரிகள் அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன. உணவுப் பொருள்களில் விற்றமின் அளவைச் சோதிக்கும் சாதாரண வேலையிலே பல ஆண்டுகளைக் கழித்து, நாற்பது வயதைக் கடந்த பின்னரே கலாநிதிப் பட்டம் பெற்றார். நரம்புகளிடையே செய்தி கடத்தும் பொருள்கள் பற்றிய ஆய்வுக்காக 1970இல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. நாம் உண்ணும் உணவிலிருந்து கிடைக்கும் திரிப்தோபன் என்னும் அமினோ அமிலம் செரற்றோனினாகி, செரற்றோனின் மெலற்றோனினாகும் வழியை அவரும் அவரது தோழர்களும் எலிகளின் பீனியலிலே ஆராய்ந்தார்கள். அந்தச் சிறு தொழிற்சாலை இரவிலே வேலை செய்கின்றது. பகலில் ஏறக்குறைய மூடப்பட்டுவிடுகின்றது.

அதற்குக் கட்டளையிடுவது யார்? கண்ணின் விழித்திரையிலிருந்து ஒரு நரம்புப் பாதை மூளையின் அடிப்பகுதியிலுள்ள சிறு நரம்புக்கூட்டத்துக்குச் செல்கின்றது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுவே என்பது 1972இல் எலிகளைக் கொண்டு நிறுவப்பட்டது. அங்கிருந்து கட்டளை முண்ணாண் வழியே இறங்கி, கழுத்திலுள்ள நரம்புத் திரளைச் சுற்றி, மீண்டும் மேலேறிப் பீனியலை அடைகின்றது. இருள் வந்ததும் ஓமோன் பெருகும். ஒளி பட்டதும் அடங்கும். இரவு நீண்டால் அது சுரக்கும் நேரமும் நீளும். ஆகவே, இரத்தத்திலே ஓடும் மெலற்றோனின், 'இப்போது இரவு. இரவின் நீளம் இவ்வளவு' என்று ஒவ்வோர் உறுப்புக்கும் சொல்லிச் செல்லும் பறையறிவிப்பாளன் போன்றது.

இதே பறையொலியை ஒவ்வொரு விலங்கும் வெவ்வேறு விதமாய் விளங்கிக்கொள்கின்றது என்பதுதான் விலங்காய்வுகள் தந்த மிகப் பெரிய பாடம். 1965இல் ஹொவ்மனும் றைற்றரும் ஹம்ஸ்ரர் என்னும் சிறு கொறிவிலங்கை இருளில் வைத்தபோது அதன் விதைகள் சுருங்கின. பீனியலை அகற்றிவிட்டால் அவை சுருங்கவில்லை. நீண்ட இரவு அவ்விலங்குக்கு 'இனப்பெருக்கம் வேண்டாம்' என்று சொல்கின்றது. செம்மறியாட்டுக்கோ அதே நீண்ட இரவு 'இணைசேரும் காலம் வந்தது' என்று சொல்கின்றது. ஹம்ஸ்ரருக்குச் சூல்காலம் இரண்டு வாரத்துக்குச் சற்று மேல். செம்மறிக்கு ஏறக்குறைய ஐந்து மாதம். இரண்டினதும் குட்டிகள் புல் தளிர்க்கும் பருவத்தில் பிறக்கவேண்டும் என்பதே இயற்கையின் கணக்கு. செய்தி ஒன்று, வாழ்க்கை வேறு, ஆதலால் பொருளும் வேறு.

வீட்டுக் கூரையிலே கூடு கட்டும் அடைக்கலாங்குருவியின் கதை இன்னும் வியப்பானது. 1968இல் கஸ்ரனும் மெனேக்கரும் பீனியல் அகற்றப்பட்ட குருவிகளை இடையறாத இருளில் வைத்தார்கள். விழிப்புக்கும் ஓய்வுக்கும் இடையிலிருந்த ஒழுங்கு குலைந்து போயிற்று. வேறொரு குருவியின் பீனியலை அதன் கண்ணறையிலே பதித்தபோது ஒழுங்கு திரும்பியது. இது 1979இல் வெளிவந்த முடிவு. குருவிக்குப் பீனியலே கடிகாரத்தின் முக்கிய பாகம். எலிக்கோ பீனியலை எடுத்த பின்னும் கடிகாரம் ஓடுகின்றது. அங்கே அது தூதன் மட்டுமே. இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. உலகெங்கும் ஆய்வுகூடங்களில் மிகுதியாய் வளர்க்கப்படும் ஒரு வகைக் கறுப்பு எலிக்குப் பிறவியிலேயே மெலற்றோனின் ஆக்கும் ஆற்றல் இல்லை என்று 1986இல் கண்டறியப்பட்டது. அந்த எலியை வைத்து மனிதனின் இரவைப் பற்றி முடிவுகட்ட முனைவோன், ஊமையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியவன் ஆவான். விலங்கிலிருந்து மனிதனுக்கு வரும் பாதை உண்டு. அது குறுக்குப் பாதை அன்று.

இத்துறையில் தமிழ் நிலத்துக்கும் இந்தியாவுக்கும் தனிப் பங்குண்டு. காசி இந்துப் பல்கலைக்கழகத்திலே சந்தனா ஹல்தாரும் அவரது மாணவர்களும் முதுகில் ஐந்து கோடுள்ள வட இந்திய அணிலின் பீனியலை நெடுங்காலம் ஆராய்ந்தார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலே எம். கே. சந்திரசேகரன் உயிர்க்கடிகார ஆய்வை வேரூன்றச் செய்தார். வயல்வரப்பிலே வளைதோண்டும் சுண்டெலிக்கு உரிய வேளையில் மெலற்றோனின் கொடுத்தால், மாற்றியமைக்கப்பட்ட பகலிரவுக்கு அது விரைவாய்ப் பழகிக்கொள்கின்றது என்று அவரது குழுவினர் 1990களில் காட்டினார்கள். வயலெலியும் மலைக்குகையும் அவர்களுக்கு ஆய்வுகூடமாயின.

அவர்களது ஆய்வுகளுள் எமது மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. பகலும் இரவும் புகாத குகையின் ஆழத்திலே ஒரு வௌவாலைக் கூட்டில் அடைத்து வைத்தார்கள். ஒளியைக் காணாத அந்த வௌவால், குகையிலுள்ள ஏனைய வௌவால்கள் மாலையிலே புறப்படும் சந்தடியையும் விடியலிலே திரும்பும் சந்தடியையும் கொண்டே தன் நேரத்தைச் சரிசெய்துகொண்டது. தன்னினம் இல்லாத குகையிலே தனியே வைத்தபோது அதன் கடிகாரம் உலகின் நேரத்தை விட்டு விலகி ஓடத் தொடங்கிற்று. மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன் ஆகியோர் 1981இல் வெளியிட்ட முடிவு இது. காலம் சூரியனால் மட்டும் அளக்கப்படுவதன்று. கூட்டு வாழ்வும் ஒரு கடிகாரம். இதை நமக்குக் கற்பித்தது ஒரு வௌவால்!

நாம் வளர்ந்த இரவுகளை இந்த அறிவின் வெளிச்சத்திலே எண்ணிப் பார்க்கின்றோம். 1990இல் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டின் மின்சாரம் நின்றது. அது திரும்பப் பல ஆண்டுகள் சென்றன. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் அரும்பொருளாயிற்று. ஜாம் போத்தலின் அடியிலே எண்ணெயில் நனைத்த பஞ்சு, கம்பியிலே தொங்கும் சிறு திரி: அதுவே எமது தலைமுறையின் படிப்பு விளக்கு. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. அந்தக் குப்பி விளக்கின் மங்கிய மஞ்சள் சுடர் பீனியலை அதிகம் வருத்தியிராது என்று இன்று விஞ்ஞானப்படி சொல்லலாம். சிலர் இதைக் கேட்டதும், அக்காலத்து இரவுகள் எவ்வளவு அழகானவை, வானம் நிறைய வெள்ளி என்று பெருமூச்செறிவர். நாம் அந்தப் பெருமூச்சில் சேர மாட்டோம்.

வெள்ளிகள் இருந்தன, உறக்கம் இருந்ததா? ஷெல்லின் ஓசைக்குக் காது கொடுத்தபடி பதுங்குகுழியின் ஈரத்திலே குந்தியிருந்த பிள்ளைகளின் இரத்தத்திலும் இருட்டு மெலற்றோனினைச் சுரக்க வைத்திருக்கும். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் மழையிலே நனைந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்ததே, அந்த மக்களின் உடலுக்கும் இரவு என்ற செய்தி போயிருக்கும். உறக்கம் வரவில்லை. இங்கேதான் விலங்காய்வு நமக்குத் துணை செய்கின்றது. எலியிலும் மெலற்றோனின் இரவிலேயே பெருகுகின்றது; ஆனால் எலி இரவிலே விழித்துத் திரியும் உயிர். ஆகவே இது உறக்கத்தின் ஓமோன் என்று வழங்கப்படுவது அரைகுறை உண்மை. இருளின் ஓமோன் என்பதே சரி. உறங்குவதற்கு இருளோடு அமைதியும் வேண்டும். வயிற்றில் சோறு வேண்டும். நாளை விடியும் என்ற நம்பிக்கை வேண்டும். பறிக்கப்பட்ட வெளிச்சத்தை இயற்கை வாழ்வென்று போற்றுவது, பட்டினியை விரதம் என்று போற்றுவதற்கு ஒப்பாகும்.

போர் இன்னொரு கடனையும் வைத்துவிட்டுப் போயிற்று. கண்ணிவெடியாலும் ஷெல்லாலும் இரு கண்களையும் இழந்தோர் நம்மிடையே வாழ்கின்றார்கள். ஒளி சிறிதும் உட்புகாத கண்ணுடையோர் பலரின் உயிர்க்கடிகாரம் இருபத்துநான்கு மணி நேரத்தோடு இசையாமல் நாளுக்கு நாள் நகர்ந்து செல்லும். சில வாரங்கள் இரவிலே உறங்குவர், சில வாரங்கள் பகலிலே தலைசாய்வர். 1983இல் றெட்மன், ஆம்ஸ்ரோங் முதலியோர், இடையறாத இருளில் ஒழுங்கு நகர்ந்து திரிந்த எலிகளுக்கு நாள்தோறும் ஒரே நேரத்தில் மெலற்றோனின் ஏற்றி அந்த ஒழுங்கைக் கட்டிநிறுத்தினார்கள். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே பார்வையற்ற எழுவருக்கு அதே முறை கையாளப்பட்டது. அறுவரின் கடிகாரம் நேர்பட்டது. எலிக்கூட்டிலிருந்து மனிதனின் படுக்கைக்கு வந்த நேரான உதவி இது. பார்வையற்றோர் பகலிலே தூங்கி விழுவதைச் சோம்பல் என்று எண்ணும் ஊராருக்கும் உற்றாருக்கும் இதைச் சொல்லவேண்டிய கடமை ஆசிரியருக்கு உண்டு.

இன்று வெளிச்சம் வந்துவிட்டது, வரவேண்டியதே. ஆனால் அது எப்படி வந்திருக்கின்றது? 1980இல் லூயியும் அவரது தோழரும், கடும் ஒளி மனிதனின் மெலற்றோனினையும் அடக்கிவிடும் என்று காட்டினார்கள். வீட்டு விளக்குக்கும் அந்த வலிமை ஓரளவு உண்டென்பது பிற்பாடு தெரிந்தது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், உறங்கப் போகுமுன் சாதாரண அறை வெளிச்சத்தில் இருந்தோருக்கு, மங்கலில் இருந்தோரைவிட மெலற்றோனின் சுரக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றரை மணி குறைந்திருந்தது. அதிலும் நீலம் கலந்த ஒளி மிக வலியது. அந்த ஒளியை உணரும் பொருள் முதன்முதலில் 1998இல் தவளையின் தோலிலே கண்டுபிடிக்கப்பட்டு, பின்னரே விழித்திரையிலும் காணப்பட்டது. வாற்பேயில் தொடங்கிய ஆராய்ச்சி தவளையின் தோல் வழியே நமது கைத்தொலைபேசித் திரையை வந்து தொட்டுவிட்டது!

எமது மாணவரை எண்ணுகின்றோம். பருவ வயதிலே மெலற்றோனின் எழும் நேரம் இயல்பாகவே பிந்துகின்றது. இரவு பத்து மணிக்கு அப்பிள்ளைக்கு உறக்கம் வராதது திமிரினால் அன்று. அந்தப் பிள்ளையை விடியற்காலை ரியூசனுக்கு எழுப்புகின்றோம், ஏழரைக்குப் பாடசாலை, பின்னேரம் மறுபடி ரியூசன், இரவு திரையின் முன்னே குறிப்பெழுதல். போட்டிப் பரீட்சை ஒரு சிலருக்கே பல்கலைக்கழக வாயிலைத் திறக்கும்வரை எந்தத் தாயும் பிள்ளையை உறங்கவிடத் துணியமாட்டாள். அவளைக் குறைசொல்லிப் பயனில்லை. கலிபோர்னியாவிலே உயர்நிலைப் பாடசாலைகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக்கூடாது என்று 2019இல் சட்டமியற்றி 2022இல் நடைமுறைப்படுத்தினார்கள். இங்கே வெயிலும் வேறு, பேருந்தும் வேறு. அதை அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை. விடியுமுன் வகுப்பு வைக்கும் வழக்கத்தையாவது ஆசிரியராகிய நாம் நிறுத்தலாமே!

நமது இரவின் மறுபாதி கடல் கடந்து கிடக்கின்றது. ரொறன்ரோவுக்கும் நமக்கும் கோடையிலே ஒன்பதரை மணி நேர வித்தியாசம், மாரியிலே பத்தரை. பிள்ளையின் குரலைக் கேட்க நள்ளிரவில் விழித்திருக்கும் தாய்மாரும், இரவு வேலை முடித்து விடியற்காலையிலே ஊருக்குப் பேசும் பிள்ளைகளும் இல்லாத தெரு பண்டத்தரிப்பிலே அரிது. பெற்றோல் நிலையத்திலும், உணவகச் சமையற்கட்டிலும், வெறுமையான அலுவலகங்களைக் கழுவித் துடைக்கும் வேலையிலும் அவர்கள் விற்பது உழைப்பை மட்டுமா? இரவையும் சேர்த்தே விற்கின்றார்கள். 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களின் இரவு வேலைக்கு இட்டிருந்த தடை 1984இல் தளர்த்தப்பட்டது. ஏற்றுமதிக் கட்டளையின் அவசரம் நமது பெண்பிள்ளைகளின் நள்ளிரவாயிற்று.

மாக்ஸ் 1867இல் வெளியிட்ட 'மூலதனம்' முதற்பாகத்திலே, வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில் பகல் வேலை, இரவு வேலை, முறைமாற்று வேலை பற்றித் தனிப்பகுதி உண்டு. எந்திரம் இரவில் சும்மா நிற்பது முதலாளிக்கு நட்டம். ஆகவே மனிதன் விழித்திருக்கவேண்டும் என்ற நியாயத்தை அவர் அங்கே உரித்துக் காட்டினார். அவர் அறியாத உயிரியலை நாம் இன்று அறிவோம். 2007இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் இரவுநேர முறை வேலையை, மனிதருக்குப் 'பெரும்பாலும் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது' என்ற பிரிவிலே சேர்த்தது. 2019இல் மீளாய்ந்தும் அதே பிரிவிலே வைத்தது. மனிதரிடம் கிடைத்த சான்று இன்னும் வரையறைக்குட்பட்டதே. விலங்குகளிடம் கிடைத்த சான்று வலியது. முழு உறுதி வரும்வரை பொறுத்திருங்கள் என்று சொல்வோர், வழக்கமாய் இரவிலே வேலை செய்யாதவர்கள்.

சந்தை இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது. வெளிச்சத்தால் எடுத்த இருளைக் குளிசையாக்கித் திருப்பி விற்கின்றது. அமெரிக்காவிலே 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் மெலற்றோனின் உணவுத் துணைப்பொருளாக மருந்துச் சீட்டின்றிக் கடைகளில் விற்கப்படுகின்றது. 2017இல் கனடாவிலே வாங்கிய 31 வகைகளைச் சோதித்தபோது, சிலவற்றிலே சிட்டையில் எழுதியதைவிட 83 வீதம் குறைவாகவும், சிலவற்றிலே 478 வீதம் மிகையாகவும் மருந்து இருந்தது. பார்வையற்றோருக்கும், வைத்தியர் தேர்ந்து கொடுக்கும் சிலருக்கும் இக்குளிசை நன்மை செய்யும்; அதை நாம் மறுக்கவில்லை. உறங்க நேரமே இல்லாதவனுக்கு உறக்கக் குளிசை எதற்கு? அவனுக்கு வேண்டியது வேலைநேரக் குறைப்பு.

எட்டு மணி உழைப்பு, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி எமக்கு என்ற முழக்கத்தோடு 1886இல் சிக்காகோத் தொழிலாளர் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் கேட்ட அந்த எட்டு மணி ஓய்வுக்குள் ஓர் இருட்டும் அடங்கியிருந்தது என்பதை இன்று மாடும் எலியும் குருவியும் வௌவாலும் நமக்கு எடுத்துச் சொல்கின்றன. அவ்வுயிர்கள் தங்கள் உடலைத் தந்து கற்பித்த பாடத்தைக் குளிசைப் போத்தலோடு முடித்துவிடுதல் நன்றிகேடு. இரவு வேலை தவிர்க்கமுடியாத இடங்களில், ஆஸ்பத்திரியிலும் கடலிலும், அதற்குரிய ஓய்வும் ஊதியமும் வைத்தியப் பரிசோதனையும் உரிமையாகவேண்டும். தவிர்க்கக்கூடிய இடங்களில் இலாபத்துக்காக நள்ளிரவு எடுக்கப்படுவதை நிறுத்தவேண்டும். தொழிற்சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலிலே சம்பளத்துக்கும் லீவுக்கும் பக்கத்தில் இரவையும் ஒரு வரியாய் எழுதுவோம். விஞ்ஞானப் பாடத்திலே பீனியலைப் படிப்பிக்கும் ஆசிரியர், அதே பாடவேளையிலே இதையும் படிப்பிக்கட்டும்.